இன்னாத்தடா திருடின?

எங்கள் ஊரில் 'ஹேக்கர்' என்ற சொல் தெரியாதவர்கள் இல்லை. மரக்காணம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்று கேட்டுப் பாருங்கள், போனில் இந்தியும் தமிழும் கலந்து பேசி ஓ.டி.பி. வாங்கி பேங்கில் இருக்கும் பணத்தை உருவுகிறவன் என்று சொல்வார்கள். உப்பளத்தில் வேலை இல்லாத மழை மாதங்களுக்காக அரசு தரும் நிவாரணப் பணம் கணக்கில் ஏறிய மூன்றாம் நாள் என் அத்தைக்கு அப்படி ஒரு போன் வந்தது. பணம் போய்விட்டது.

"எவனோ ஹேக் பண்ணிட்டான்டா" என்றார் அத்தை.

நான் அதிகப்பிரசங்கி. "அது ஹேக்கிங் இல்ல அத்த. நீங்களாவே நம்பர சொல்லியிருக்கீங்க. அதுக்குப் பேரு மோசடி. ஹேக்கிங்னா வேற" என்று ஆரம்பித்தேன்.

"பேரு இன்னாவா இருந்தா இன்னா, காசு போச்சில்ல?" என்றார் அத்தை.

அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாக விட்டுவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் 2011 ஏப்ரல் மாதத்தில் ஒரு மத்தியானம் என் அப்பா அந்தச் சொல்லுக்காகக் கை கூப்பி நின்றார்.

*

நான் அப்போது பொறியியல் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். கல்லூரிக்கென்று ஒரு இணையப் பக்கம் இருந்தது. அதில் பதிவெண் கொடுத்தால் நம்முடைய உள்மதிப்பெண், வருகைப் பதிவு, வீட்டு முகவரி, அப்பாவின் வருமானம் எல்லாம் வரும். ஒருநாள் என் பக்கத்தைத் திறந்தபோது மேலே முகவரிப் பட்டையில் கடைசியாக என் பதிவெண் இருப்பதைக் கவனித்தேன். கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி என்டர் தட்டினேன். பக்கத்து பெஞ்ச் நண்பனின் பக்கம் வந்தது. கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை.

இதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. ஒரு தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சும்மா சாத்தி வைக்கப்பட்டிருக்க, நம் வீட்டைத் திறப்பதற்குப் பதிலாக அடுத்த வீட்டைத் தள்ளிப் பார்ப்பது போன்றதுதான். பாதுகாப்புத் துறையில் இன்றும் அதிகமாகக் கண்டுபிடிக்கப்படும் குறைகளில் இதுவும் ஒன்று. உள்ளே வந்தவர் யார் என்று சரிபார்க்கும் மென்பொருள், அவர் கேட்கும் பொருள் அவருடையதுதானா என்று சரிபார்க்க மறந்துவிடும்.

மறுநாள் துறை அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். பாராட்டுவார்கள் என்று உள்ளூர நினைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாள் கழித்து அப்பாவை வரச்சொன்னார்கள்.

ஏப்ரல் என்றால் உப்பு வாரும் பருவம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி அப்பா வந்தார். உப்புநீரில் வெடித்த கால்களோடு அந்தப் பளிங்குத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "ஐ.டி. ஆக்ட்டுல மூணு வருஷம் உள்ள போடலாம் தெரியுமா, உங்க பையன் ஹேக்கர்" என்றார்கள். அப்பாவுக்கு அந்தச் சொல் அன்றுதான் அறிமுகம். "தப்பு பண்ணியிருந்தா அடிங்க சார். போலீசுக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். அவர்கள் சொல்லச் சொல்ல நான் ஒரு கடிதம் எழுதினேன். 'கல்லூரியின் தகவல்களைத் திருடியதற்கு வருந்துகிறேன்' என்று அதில் ஒரு வரி. கீழே அப்பா கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் வெகுநேரம் பேசவில்லை. திண்டிவனம் தாண்டியதும் கேட்டார்.

"இன்னாத்தடா திருடின?"

*

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் நான் ஹேக்கிங்கின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். சொல் பிறந்த இடம் ஒரு பொம்மை ரயில். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றத்தில், தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஒயர்களோடும் டெலிபோன் ரிலேக்களோடும் மல்லுக்கட்டிய மாணவர்கள், அழகாக ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தால் அதை 'ஹேக்' என்றார்கள். 1950களின் கடைசியில் அவர்களுக்கு டி.எக்ஸ்-0 என்ற கணினி கிடைத்தது. பிறகு பி.டி.பி-1 வந்தது. இரவில் யாரும் பயன்படுத்தாத நேரத்துக்குக் காத்திருந்து விடிய விடிய நிரல் எழுதினார்கள். 1962இல் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் அதில் 'ஸ்பேஸ்வார்' விளையாட்டை எழுதி, யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவைத்தார்கள். பூட்டிய அறையில் ஒரு கருவி இருந்து, வேலை நின்றால் பூட்டைத் திறந்தும் விடுவார்கள். அங்கே அது திருட்டாகப் பார்க்கப்படவில்லை.

அடுத்த கட்டம் தொலைபேசி. 1960களிலும் 70களிலும் அமெரிக்கத் தொலைதூர இணைப்புகள் 2600 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றால் கட்டுப்படுத்தப்பட்டன. பார்வையற்ற சிறுவனான ஜோ எங்கிரெசியா அந்த ஸ்வரத்தை வாயால் விசிலடித்தே இணைப்பைத் துண்டிக்கலாம் என்று கண்டுபிடித்தான். ஒரு தானிய உணவுப் பெட்டியில் இலவசமாக வந்த பிளாஸ்டிக் விசில் அதே ஒலியை எழுப்பும் என்பதும் தெரியவந்தது. அந்த விசிலால் ஜான் டிரேப்பருக்குக் 'கேப்டன் கிரஞ்ச்' என்றே பெயர் நிலைத்தது. இதே வேலையைச் செய்யும் நீலப்பெட்டிகளைச் செய்து விற்றவர்களில் ஸ்டீவ் வோஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும் உண்டு. டிரேப்பர் சிறைக்குப் போனார். மற்ற இருவரும் ஆப்பிள் ஆரம்பித்தார்கள்.

அதே எம்.ஐ.டி.யில் கடவுச்சொல் முறை வந்தபோது ரிச்சர்ட் ஸ்டால்மன் அதைச் சீண்டினார். கடவுச்சொற்களைக் கண்டுபிடித்து, அவரவர்க்கே செய்தி அனுப்பி, இதற்குப் பதில் வெறும் என்டர் தட்டுவதை வைத்துக்கொள்ளுங்கள், எனக்குத் தெரிந்துவிட்டது என்றார். அவர்தான் 1983 செப்டம்பர் 27 அன்று குனு திட்டத்தை அறிவித்தவர். நம் போன், வங்கி சர்வர் எல்லாவற்றிலும் இன்று இருக்கும் கட்டற்ற மென்பொருளின் வேர் அந்த அறிவிப்பில் இருக்கிறது.

அதே 1983இல் 'வார்கேம்ஸ்' படம் வந்தது. மில்வாக்கி பகுதிப் பையன்கள் சிலர் அரசுக் கணினிகளுக்குள் நுழைந்து பிடிபட்டார்கள். பத்திரிகைகள் அவர்களை ஹேக்கர் என்று எழுதின. 1986இல் அமெரிக்கா கணினிக் குற்றங்களுக்குச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தில் நடுவர் குழு முன்னால் தண்டிக்கப்பட்ட முதல் ஆள் ராபர்ட் மோரிஸ். 1988 நவம்பர் 2 அன்று அவர் விட்ட புழு, ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கியதாகக் கணக்கிட்டார்கள். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணிநேரச் சமூகசேவை, சுமார் 10,000 டாலர் அபராதம். பிறகு அவர் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியர் ஆனார். அவருடைய அப்பா அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.யின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி.

இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஆனால் நல்ல இடத்தில் பிறந்தால் போதும் என்றும் முடித்துவிட முடியாது. எம்.ஐ.டி. வலைப்பின்னல் வழியாக ஜேஸ்டோர் ஆய்வுக் கட்டுரைகளை லட்சக்கணக்கில் இறக்கிய ஆரோன் ஸ்வார்ட்ஸ், 2011 ஜனவரியில் கைதானார். என் அப்பா கைகூப்பி நிற்பதற்கு மூன்று மாதம் முன்பு அது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2013 ஜனவரி 11 அன்று, 26 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். சொல் பிறந்த அதே வளாகத்தில்தான் அந்தக் கட்டுரைகளை இறக்கியதும் நடந்தது.

*

நம் பக்கத்துக்கு வருவோம். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்த சில வாரங்களில் 'மில்வேர்ம்' என்று தங்களை அழைத்துக்கொண்ட பல நாட்டுப் பதின்பருவத்தினர், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணினிக்குள் புகுந்து மின்னஞ்சல்களை எடுத்தார்கள். அதே ஆண்டு, 'இன்டர்நெட் கரும்புலிகள்' என்ற பெயரில் இலங்கைத் தூதரகங்களுக்கு இரண்டு வாரம், நாளுக்கு 800 மின்னஞ்சல் வீதம் கொட்டப்பட்டன. ஒரு நாட்டின் கணினிகள் மீது ஆயுதப் போராட்ட அமைப்பொன்று நடத்திய முதல் தாக்குதல் என்று அமெரிக்க உளவுத்துறையினர் அதைக் குறித்தார்கள். இன்று நம் ஸ்பேம் பெட்டியில் ஒரு நாளில் விழுவதைப் பார்த்தால் 800 ஒன்றுமே இல்லை.

2000 அக்டோபர் 17 அன்று இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 66ஆம் பிரிவுக்கே 'ஹேக்கிங்' என்றுதான் தலைப்பு. மூன்றாண்டு வரை சிறை. 2008இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'கணினி சார்ந்த குற்றங்கள்' என்று மாற்றினார்கள். அதோடு ஒரு முக்கியமான வேறுபாடும் வந்தது. அனுமதி இல்லாமல் நுழைந்தால் 43ஆம் பிரிவின்படி நஷ்டஈடு. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால்தான் 66இன்படி குற்றம். இந்தத் திருத்தம் 2009 அக்டோபரிலேயே அமலுக்கு வந்துவிட்டது. அதாவது 2011இல் என் அப்பாவிடம் மூணு வருஷம் என்று சொன்னபோது, என் எண்ணம் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

குறையைக் காட்டியவனையே பிடிப்பது என் கதையில் மட்டும் நடந்ததல்ல. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், நெதர்லாந்தின் மூத்த ஹேக்கர் ராப் கோங்ரைப், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன் ஆகியோருடன் சேர்ந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் எப்படி முறைகேடு செய்யலாம் என்று 2010 ஏப்ரலில் செய்து காட்டினார். இயந்திரத்தைத் தந்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை. ஆகஸ்ட் 21 அன்று கைதானார். குற்றச்சாட்டு, இயந்திரத் திருட்டு. ஒரு வாரம் கழித்து ஜாமீன் கிடைத்தது.

2019இல் நம் கூடங்குளம். அணுமின் நிலையத்தின் கணினியில் டிட்ராக் என்ற தீநிரல் இருப்பதாக அக்டோபர் கடைசியில் செய்தி பரவியது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் தரப்பில் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றார்கள். மறுநாள் இந்திய அணுமின் கழகம், நிர்வாக வலைப்பின்னலில் இணைந்திருந்த ஒரு கணினியில் அது இருந்தது உண்மைதான், செப்டம்பர் 4 அன்றே சர்ட்-இன் தகவல் தந்துவிட்டது, உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருப்பதால் பாதிப்பில்லை என்று அறிக்கை விட்டது. முதல் நாள் மறுப்புக்கும் மறுநாள் ஒப்புதலுக்கும் இடையில் இருப்பது என்ன என்று யோசித்தால், எனக்கு அந்தப் பளிங்குத் தரை ஞாபகம் வரும்.

*

திருட்டு என்ற சொல் எங்கள் கடற்கரைக்குப் புதிது இல்லை.

மரக்காணம் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். கழுவெளியும் கடலும் சேரும் இந்தச் சதுப்பில் உப்பு தானாகவே பூக்கும். ஆனால் 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பக்கத்திலேயே இருந்த பிரெஞ்சுப் புதுச்சேரிக்காரர்கள் உப்பு விளைவிக்காமல் இருப்பதற்கு ஆங்கிலேயர் வருடா வருடம் பணம் கொடுத்தார்கள். அதன்பின் வந்த உப்புச் சட்டங்களின்படி உற்பத்தி செய்வது மட்டுமல்ல, உவர்மண்ணைச் சுரண்டிக் காய்ச்சுவதும் குற்றம்.

என் ஆயா சொல்லும். அதனுடைய அப்பா காலத்தில் ஒரு கூடை உப்பு மண்ணை மேலே விறகு போட்டு மறைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார்களாம். உப்பு இலாகா சேவகன் பார்த்தால் கூடையைத் தட்டிவிடுவான். "எங்க காலுக்குக் கீழ இருக்கிற மண்ணு. அத எடுத்தா திருட்டுன்னாங்க" என்று ஆயா சொல்லும்போது குரலில் கோபம்கூட இருக்காது, அது ஒரு பழைய வேடிக்கை போலச் சொல்லும்.

1930 ஏப்ரல் 6 அன்று காந்தி தண்டியில் உப்பெடுத்தார். ஏப்ரல் 30 அன்று ராஜாஜி வேதாரண்யத்தில் அள்ளினார். சத்தியாக்கிரகிகளிடம் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பட்டப்பகலில், பெயர் தெரியவே சட்டத்தை மீறினார்கள். 1931 மார்ச்சில் வந்த காந்தி-இர்வின் ஒப்பந்தம், உப்பு விளையும் கடலோர ஊர்க்காரர்கள் சொந்த உபயோகத்துக்கும் ஊருக்குள் விற்கவும் உப்பெடுக்கலாம் என்று அனுமதித்தது. வரி 1947இல்தான் ஒழிந்தது.

உப்பையும் தகவலையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. உப்பு மண்ணில் பூப்பது, ஒருவருடைய மதிப்பெண் அவருடையது. அந்த வித்தியாசம் எனக்குப் புரிய நாளாயிற்று. அதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன்.

*

தமிழ் கணினியில் ஏறியதே ஒரு ஹேக்தான். ஒரு எழுத்துருவுக்கு 256 இடம். அதில் பாதி ஆங்கிலத்துக்கு. மென்பொருள் நிறுவனங்கள் நமக்கென்று எதுவும் செய்து தராத காலத்தில் மலேசியாவின் முத்து நெடுமாறன், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் போன்றவர்கள் அந்த இடங்களுக்குள் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தார்கள். கணினி அதை ஆங்கில எழுத்து என்றே நம்பிக்கொண்டிருக்கும், திரையில் தமிழ் தெரியும். எங்கள் ஊர் டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கிலக் குப்பையாக வரும். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு வரிசை. டிஸ்கி என்று பேசி ஒரு பொதுவரிசைக்கு வந்தார்கள், 1999இல் சென்னை மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் வந்தன, கடைசியில் யூனிகோடில் வந்து சேர்ந்தோம். பழைய எழுத்துருக்களின் வரிசையைப் பிரித்துப் பார்த்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் நிரல்களைத் தனியாட்கள் எழுதி இலவசமாகவே தந்தார்கள். சுரதா யாழ்வாணனின் மாற்றி அப்படி ஒன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் நாம் படிக்கும் சங்க இலக்கியமெல்லாம் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தது.

எம்.ஐ.டி. பையன்கள் ஹேக் என்று எதைச் சொன்னார்களோ அது இதுதான். இருப்பதை வைத்து, செய்பவர் நினைத்தே பார்க்காத ஒன்றைச் செய்வது, செய்ததைப் பகிர்வது. அப்பா டீசல் பம்பில் ஒழுகும் இடத்தை சைக்கிள் டியூப் கிழித்துக் கட்டி அந்த நாளின் வேலையை முடிப்பார். அதற்குத் தமிழில் தனிச்சொல் கிடையாது. ஹேக்கருக்குக் கொந்தர் என்று எழுதுகிறார்கள். கொந்துதல் என்றால் குத்திக் கிளறுவது. நல்ல சொல்தான், ஆனால் ஊரில் புழங்கவில்லை. நான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு பள்ளிப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லித் தருகிறேன். விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன. முதல் வகுப்பில் எந்தப் பையனும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, ஃபேஸ்புக்க ஹேக் பண்ணலாமா?" என்பதுதான்.

அவர்களுக்கு நான் மோரிஸ் கதையையும் ஸ்டால்மன் கதையையும் சொல்வதில்லை. என் கதையைத்தான் சொல்கிறேன், விட்டுப்போன பாதியோடு.

அன்று நான் பார்த்தது நண்பனின் பக்கம் மட்டுமல்ல. குறை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு பக்கம் போதும். நான் நாற்பது பக்கங்களுக்கு மேல் திறந்தேன். வகுப்பில் ஒரு பெண்ணுக்கு மூன்று பேப்பர் அரியர் இருப்பதும், அவள் அப்பா உயிரோடு இல்லை என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டையும் அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ரூம்மேட்டிடம் நான் வாய்விட்டேன். இரண்டு நாளில் ஹாஸ்டல் முழுக்கப் பரவியது. துறை அலுவலகத்தில் நான் சொன்ன புகாரில் இது இல்லை. எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்திலும் இல்லை, ஏனென்றால் கல்லூரி தன் தகவல் போனதைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டது. அடுத்த பருவத்தில் அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டார்கள். அவளிடம் கல்லூரியும் மன்னிப்பு கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்டு வருடம் கழித்து எழுதினேன். பதில் வந்தது. கல்லூரியில் நடந்த பாதி மறந்துவிட்டது, ஆனால் மெஸ்ஸில் நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்ற அந்த ராத்திரி மறக்கவில்லை என்று எழுதியிருந்தாள். மன்னித்தேன் என்று எழுதவில்லை. நான் மறுபடி எதுவும் கேட்கவில்லை.

அத்தையிடம் நான் வாதாடியது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. ஹேக்கர் என்ற சொல்லின் நல்ல பொருளை மீட்பதற்கு எனக்கு ஆசை இருந்தது, அதில் என் மானமும் கலந்திருந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தவனுக்கும் திருடனுக்கும் வித்தியாசம் நிச்சயம் உண்டு. சட்டம் அதை எழுத்தில் வைத்திருக்கிறது, நடைமுறையில் மறந்துவிடுகிறது. குறையைச் சொல்ல வருகிறவனுக்கு உறுதியான சட்டப் பாதுகாப்பு இந்தியாவில் இன்றும் இல்லை. அது வேண்டும் என்று நான் எங்கே வேண்டுமானாலும் பேசுவேன். ஆனால் கதவு திறந்த பிறகு எத்தனை வீட்டுக்குள் போனாய் என்ற கேள்வி அதோடு முடிந்துவிடுவதில்லை.

பஸ்ஸில் அப்பா கேட்டதற்கு நான் சொன்ன பதில் இது: "ஒண்ணும் திருடலப்பா. பாத்தேன், அவ்ளோதான்."

"பாத்ததுக்கா இவ்ளோ பேசுறாங்க?" என்றார். அவருக்கு அது நியாயமாகப் படவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர், இறங்கும் இடம் நெருங்கியபோது திரும்பிக் கேட்டார்.

"யாரோடத பாத்த?"

நான் பதில் சொல்லவில்லை. தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.